இலக்கிய அச்சுகளுக்கு ஃபிரேமும் மவுண்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கவிதையை ஈய எழுத்துகளில் கோத்து அடித்த ஒற்றைத் தாள், நாவலுக்காகச் செதுக்கிய மரச்செதுக்குப் படம், எழுத்தாளர் கையெழுத்திட்டு எண் போட்ட வரம்புப் பதிப்பு, பழைய புத்தகத்திலிருந்து பிரிந்து வந்த ஓர் ஏடு. இப்படிப்பட்டவற்றைச் சேர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓவியத்துக்குச் சொல்லும் ஆலோசனையை இவற்றுக்கும் அப்படியே சொன்னால் பாதிதான் பொருந்தும். ஓவியத்தைத் தள்ளி நின்று பார்க்கிறோம். இவற்றை நெருங்கி வந்து வாசிக்கிறோம். கீழே நான் சொல்லும் பிடிவாதங்கள் பெரும்பாலும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வந்தவை.

மவுண்ட் அவசியமா? தாளை நேராகக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் என்ன?

மவுண்ட் அழகுக்காகத்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். அழகு இரண்டாவது காரணம்தான். (மவுண்ட் என்பதைச் சிலர் மேட் என்பார்கள். நடுவில் ஜன்னல் வெட்டிய கெட்டி அட்டைதான் இரண்டும்.) அறையின் வெப்பம் சட்டென்று இறங்கும்போது கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் படியலாம். தாள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஈரத்தை உறிஞ்சி நெளியும், பூஞ்சை பிடிக்கும். மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கும்போது எழுத்தே உரிந்து வரும். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் காற்று இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தவிரும். சாதாரண மவுண்ட் அட்டை ஒன்றின் கனம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

மவுண்ட்டே வேண்டாம், தாள் ஃபிரேம்வரை வரட்டும் என்பவர்கள் ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஸ்பேசர் பட்டையாவது வைக்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லாமல் மாட்டுவதென்றால் தாள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அட்டையில் "ஆசிட் ஃப்ரீ" என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. மவுண்ட் அட்டைகளை மோட்டாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது பருத்தி இழையில் செய்தது, காட்டன் ராக் என்பார்கள். மேல்பூச்சு முதல் நடுக்கூழ் வரை ஒரே பொருள். இரண்டாவது, மரக்கூழிலிருந்து லிக்னினை நீக்கிச் சுத்திகரித்த ஆல்ஃபா செல்லுலோஸ் அட்டை. மூன்றாவது சாதாரண மரக்கூழ் அட்டை.

சிக்கல் மூன்றாவதில். மரத்தில் இயற்கையாக இருக்கும் லிக்னின், வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து அமிலமாகும். இதை மறைக்க அந்த அட்டையில் கால்சியம் கார்பனேட்டைச் சேர்க்கிறார்கள். வாங்கும் அன்று சோதித்தால் அமிலம் இல்லைதான். சேர்த்த சுண்ணாம்பு தீர்ந்ததும் அமிலம் தலைகாட்டும். பழைய ஃபிரேம்களைப் பிரித்தால் ஜன்னலின் சாய்வெட்டு ஓரத்தை ஒட்டி, அச்சின் மேலேயே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியிருப்பதைப் பார்க்கலாம். காக்க வைத்த அட்டை சுட்ட வடு அது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஆகவே கேட்க வேண்டியது "ஆசிட் ஃப்ரீயா?" என்றல்ல, "எதில் செய்தது, லிக்னின் உண்டா?" என்று. மதிப்புள்ள அச்சு என்றால் பருத்தி. நடுத்தரம் என்றால் ஆல்ஃபா செல்லுலோஸ் தாராளமாகப் போதும். வெட்டிய ஓரத்தையும் பாருங்கள். பழைய மரக்கூழ் அட்டை என்றால் மேலே வெள்ளையாக இருந்தாலும் வெட்டில் மஞ்சள் தட்டியிருக்கும்.

பின்னால் வைக்கும் அட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்னால் பருத்தி அட்டையை வைத்துவிட்டு, அச்சின் முதுகில் பார்சல் பெட்டி அட்டையைச் சாத்தினால் என்ன பயன்? அந்த அட்டையின் நெளிவுகள் வரிவரியாகத் தாளில் பழுப்பேற்றும். அச்சைத் தொடுகிற முன்பக்க அட்டை, பின்பக்க அட்டை இரண்டும் ஒரே தரமாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு சேர்த்த அட்டை எல்லாவற்றுக்கும் நல்லதா?

காகிதத்தில் மையால் அச்சிட்டதற்கு நல்லது. நீல நிற சயனோடைப் அச்சு, முட்டை வெண்கருப் பூச்சிட்ட பழைய புகைப்படம், பட்டுத்துணியில் அடித்தது ஆகியவற்றுக்கு வேண்டாம். அவை காரத்தை விரும்பாதவை. சுண்ணாம்பு சேர்க்காத பருத்தி அட்டையைக் கேளுங்கள். எழுத்தாளரின் பழைய உருவப்படம் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாள் முழுவதும் தெரிய வேண்டுமா, எழுத்துப் பகுதி மட்டும் போதுமா?

எனக்கு இதில் சமரசம் கிடையாது. அச்சுக்கோத்தவர் தாளின் ஓர வெள்ளையையும் சேர்த்துத்தான் பக்கத்தை வடிவமைத்திருக்கிறார். கவிதையை வலப்பக்கம் ஒதுக்கி, இடப்பக்கம் வெறுமையாக விட்டிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஜன்னலை எழுத்துக்கு ஒட்டி வெட்டி அந்த வெறுமையை மூடுவது, பாடகர் விட்ட இடைவெளியில் வேறொருவர் தாளம் போடுவது மாதிரி.

லெட்டர்பிரஸ் தாள் (ஈய எழுத்தை அழுத்தி அடித்தது), கையால் செய்த தாள், ஓரம் பிசிறாக உள்ள தாள் என்றால் முழுத் தாளையும் காட்டுங்கள். ஜன்னலைத் தாளைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, தாள் பின் அட்டையின் மேல் மிதப்பதுபோல அமைப்பார்கள். ஃப்ளோட் என்று பெயர். சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி தெரிந்தால் அழகு. 3 மி.மீ. மட்டும் விட்டால் அளவு தவறி வெட்டியதுபோல இருக்கும். மெல்லிய தாள் தானாக வளைந்து முன்னே வரும் என்பதால், ஃப்ளோட் செய்யும்போது இரட்டைக் கன அட்டை அல்லது உள்ளே ஒரு ஸ்பேசர் கட்டாயம்.

எட்சிங், செப்புத்தகட்டு அச்சு என்றால் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய வடு ஒரு செவ்வகமாகத் தெரியும். அது மூடப்படக் கூடாது. கீழே பென்சிலில் எழுதிய எண், தலைப்பு, கையெழுத்து மூன்றும் தெரிய வேண்டும். பக்கங்களில் 8 மி.மீ. விட்டால் அடியில் 20 அல்லது 25 மி.மீ. விடும்படி ஜன்னல் வெட்டலாம். ஓரத்தில் மையில்லாமல் அழுத்திய அச்சக முத்திரை இருந்தால் அதையும் தேடிப் பாருங்கள். அதை மூடிவிட்டு, பிறகு "முத்திரையைக் காணோமே" என்று பதறியவர்கள் உண்டு.

தாளின் ஓரம் எதற்கும் வெட்டப்படக் கூடாது, ஒரு மில்லிமீட்டர்கூட. ஃபிரேமில் அடங்கவில்லை என்றால் ஃபிரேமை மாற்றுங்கள்.

மவுண்ட் எவ்வளவு அகலம்? அடிப்பகுதியை ஏன் பெரிதாக விடுகிறார்கள்?

கையில் ஒரு நல்ல பழைய புத்தகம் இருந்தால் திறந்து வைத்துப் பாருங்கள். உள் ஓரம் குறுகல், மேல் ஓரம் அதைவிட அகலம், வெளி ஓரம் இன்னும் அகலம், அடி ஓரம் எல்லாவற்றையும் விட அகலம். 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கிய வில்லியம் மோரிஸ் இந்த வரிசையை வலியுறுத்தினார். நூல் வடிவமைப்பாளர் யான் ட்ஷிகோல்ட் இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளை அளந்து பார்த்து, அதே வரிசையில் 2:3:4:6 என்ற விகிதத்தை முன்வைத்தார். ஒற்றைத் தாளுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேச்சில்லை. மிஞ்சுவது அகலமான அடி ஓரம். நான்கு பக்கமும் சமமாக விட்டால் கண்ணுக்கு அச்சு கீழே சரிந்ததுபோலத் தோன்றும். அடியில் 8 முதல் 12 மி.மீ. கூடுதலாக விட்டால் அது நேராகிவிடும். அதைத் தாண்டி 3, 4 செ.மீ. கூட்டுவது ஒரு பாணி. நெட்டையான கவிதைத் தாளுக்கு அது பொருந்தும், மற்றவற்றுக்கு நான் செய்வதில்லை.

அகலத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தாள் 28 × 38 செ.மீ. ஃப்ளோட் இடைவெளி சுற்றிலும் 1 செ.மீ. என்றால் ஜன்னல் 30 × 40. மவுண்ட் பக்கங்களிலும் மேலேயும் 6 செ.மீ., அடியில் 7 செ.மீ. வெளி அளவு 42 × 53 செ.மீ. ஃபிரேமின் உள்பள்ளம் இதைவிட 3 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும், ஈரக் காலத்தில் அட்டை விரிந்துகொள்ள.

சிறிய அச்சுக்குச் சிறிய மவுண்ட் என்பது பொதுவாக நடக்கும் தவறு. உள்ளங்கை அளவு மரச்செதுக்குக்கு 8, 10 செ.மீ. மவுண்ட் விட்டுப் பாருங்கள், சுவரில் அதற்கென ஒரு அமைதி உண்டாகும். பெரிய தாளுக்கு அவ்வளவு தேவையில்லை. மவுண்ட்டின் அகலமும் ஃபிரேம் பீடிங்கின் (சட்டப் பட்டையின்) அகலமும் ஒன்றாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பட்டை பட்டையாகத் தெரியும், கண் எழுத்துக்குப் போகாது.

புத்தகத்திலிருந்து வந்த ஏட்டுக்கும் இதே கணக்கா?

இல்லை, அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏட்டின் ஒரு பக்கம் தையல் ஓரம். அங்கே வெள்ளை குறைவு. எழுத்தை ஜன்னலின் நடுவில் கொண்டுவர முயன்றால் ஏடு ஒருபக்கம் மறைந்துபோகும். முழு ஏட்டையும் காட்டி, தாளை நடுவில் வையுங்கள், எழுத்து ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சாய்ந்தே இருக்கட்டும். அது புத்தகத்தில் இருந்தது என்பதற்கு அந்தச் சாய்வுதான் சாட்சி. தையல் துளைகள், பக்க எண், அடியில் இருக்கும் சிறு அச்சுக் குறிகள் எதையும் மறைக்க வேண்டாம்.

முழுப் புத்தகமாக இருப்பதை ஃபிரேமுக்காகப் பிரிப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பிரிந்து வந்ததற்குத்தான் இங்கே பதில்.

மவுண்ட்டுக்கு என்ன நிறம்?

தாளின் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை. பளீர் வெள்ளை வேண்டாம். பழைய தாள், கைத்தாள் எல்லாம் பாலாடை நிறமோ லேசான சாம்பலோ கலந்தவை. பளீர் வெள்ளையை அருகில் வைத்தால் நல்ல தாள்கூட அழுக்குப் படிந்ததுபோலத் தெரியும். மூன்று நான்கு வெள்ளைத் துண்டுகளைத் தாளின் ஓரத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, அது மாட்டப்போகும் அறையின் விளக்கில் ஒருமுறை பாருங்கள். தாளைவிட ஒரு பங்கு மங்கலானது பெரும்பாலும் சரியாக வரும்.

வண்ண மவுண்ட் கேட்பவர்கள் சொல்லும் காரணம், படத்தில் இருக்கும் சிவப்பையோ நீலத்தையோ "எடுத்துக் கொடுக்கும்" என்பது. எடுத்துக் கொடுக்கத்தான் செய்யும். அந்த நிறத்தை மட்டும். வாசிக்கப் போன கண் அங்கேயே நின்றுவிடும். கறுப்பு மவுண்ட்டும் அப்படித்தான். கறுப்பு மையில் அடித்த மரச்செதுக்கில் மையின் ஆழம்தான் உயிர். பக்கத்தில் அதைவிடக் கறுப்பான ஒரு பரப்பை வைத்தால் மை சாம்பலாகிவிடும்.

இரட்டை மவுண்ட் நல்லதா?

கண்ணாடியிலிருந்து தூரம் கூடும் என்ற அளவில் நல்லது. இரண்டும் ஒரே நிறமாக இருக்கட்டும். உள்ளே மெல்லிய தங்கக் கோடு, வண்ணக் கோடு வைப்பது என் ரசனைக்கு ஒத்துவராது. உங்களுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், தாளுக்கு அதனால் கெடுதல் இல்லை.

தாளை அட்டையில் எப்படி ஒட்டுவது?

முதல் அச்சை நானே கெடுத்தேன். செலோ டேப் நான்கு துண்டு, மூலைக்கு ஒன்று. சில வருடம் கழித்துப் பிரித்தபோது டேப் உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் தாளுக்குள் இறங்கி முன்பக்கம் வரை தேன் நிறத்தில் நான்கு சதுரமாக நின்றது. நான்கு மூலையும் கட்டிப்போட்டதால் தாள் நடுவில் உப்பி நெளிந்தும் போயிருந்தது.

அதில் இரண்டு தவறு. ஒன்று பசை. டேப் எதுவானாலும், பெட்டியில் "ஆவணக் காப்புத் தரம்" என்று எழுதியிருந்தாலும், அச்சைத் தொடக் கூடாது. இரண்டாவது, எல்லாப் பக்கமும் ஒட்டியது. காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், இறங்கினால் சுருங்கும். அதற்கு வழிவிட வேண்டும்.

சரியான முறை பழையது, எளியது. மெல்லிய ஜப்பானியத் தாளில் இரண்டு சிறு பட்டை கிழித்து, கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையால், அச்சின் பின்புறம் மேல் ஓரத்தில் மட்டும் கீல்போல ஒட்டி, மறுமுனையைப் பின் அட்டையில் பொருத்துவார்கள். அச்சு சுவர்க்காலண்டர் மாதிரி மேலிருந்து தொங்கும். கத்தரியால் வெட்டாமல் கிழிக்கச் சொல்வதற்குக் காரணம், கிழித்த ஓரத்தின் இழைகள் மெலிந்து முடிவதால் முன்பக்கம் தடம் தெரியாது. கீல் எப்போதும் அச்சைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். ஃபிரேம் கீழே விழுந்தால் கீல் கிழியட்டும், தாள் கிழியக் கூடாது. வேண்டாமென்றால் ஈரம் தொட்டு எடுத்துவிடலாம்.

பசையே வேண்டாம் என்பவர்களுக்குப் பாலியெஸ்டர் மூலைகள் உண்டு. கெட்டியான தாளுக்கு, மூலைகள் மவுண்ட்டுக்குள் மறையும் அமைப்புக்கு அவை மிக நல்லவை. ஃப்ளோட் செய்தால் மூலைகள் வெளியே தெரியும்.

நெளிந்த தாளை டிரை மவுண்ட் செய்து தட்டையாக்கலாம் என்கிறார்களே?

வேண்டாம். டிரை மவுண்ட் என்பது சூடான அழுத்தியில் வைத்துத் தாளை முழுவதுமாக அட்டையோடு ஒட்டிவிடுவது. சுவரொட்டிக்குச் சரி. சேகரிப்புக்குரிய அச்சைப் பொறுத்தவரை அன்றோடு அதன் மதிப்பு போயிற்று. லெட்டர்பிரஸ் தாளில் எழுத்து அழுந்திய பள்ளமும் அந்த அழுத்தத்தில் நசுங்கிவிடும். விரல் நுனியில் உணரும் அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அது வெறும் கறுப்பு எழுத்து. லேசான நெளிவு குறையல்ல, தாள் உயிரோடிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

இரண்டிலும் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. நம் அச்சுக்கு வேண்டியவை இரண்டு: புற ஊதாக் கதிரைத் தடுப்பது, எதிரொளி இல்லாமல் வாசிக்கவிடுவது.

சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அதற்கென்றே பூச்சிட்ட கண்ணாடியும், அப்படியே தயாரித்த அக்ரிலிக்கும் 99 சதவீதம்வரை தடுக்கின்றன. மேலே கணக்குப் போட்ட 42 × 53 செ.மீ. அளவில் 2 மி.மீ. கண்ணாடி ஏறத்தாழ 1.1 கிலோ இருக்கும். அக்ரிலிக் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. பெரிய ஃபிரேமுக்கும், குழந்தைகள் ஓடும் வீட்டுக்கும், தூரம் அனுப்பவும் அக்ரிலிக் நல்லது. அது எளிதில் கீறும், துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி தூசியை இழுக்கும். கரி, பாஸ்டல் போன்ற உதிரும் பொருளால் கைவேலை செய்திருந்தால் அக்ரிலிக் அந்தத் துகளையே தாளிலிருந்து இழுத்துவிடும். அதற்குக் கண்ணாடிதான்.

எதிரொளி விஷயத்தில் ஏமாந்துபோவது எளிது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறவைக்கும் பளபளப்பற்ற கண்ணாடி ஒன்று, மெல்லிய அடுக்குப் பூச்சால் எதிரொளியையே குறைக்கும் கண்ணாடி இன்னொன்று. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். முதலாவது தாளை ஒட்டியிருந்தால்தான் தெளிவாகத் தெரியும். மவுண்ட் வைத்துத் தாள் பின்னுக்குப் போனதும் எழுத்தின் விளிம்பு பனி மூடியதுபோல மங்கும். ஃப்ளோட் செய்த கவிதைக்கு அது முதலுக்கே மோசம். இரண்டாவது விலை கூடியது, ஆனால் முன்னால் கண்ணாடி இருப்பதே தெரியாது. செலவை எங்காவது குறைக்க வேண்டுமென்றால் பீடிங்கில் குறையுங்கள், இங்கே குறைக்காதீர்கள்.

சில கண்ணாடிகளில் லேசான பச்சை தட்டும். இரும்புச்சத்து குறைந்த கண்ணாடியில் அது இருக்காது. வெள்ளைத் தாளுக்கு அந்த வேறுபாடு தெரியும்.

பீடிங் மரமா, உலோகமா? அகலம், நிறம்?

மெல்லியதாக, அடக்கமாக இருந்தால் எதுவும் சரி. நடுத்தரத் தாளுக்கு 12 முதல் 20 மி.மீ. முகப்பு போதும். கல்லச்சு, எட்சிங் ஆகியவற்றுக்குக் கறுப்போ அடர்பழுப்போ, நவீனக் கவிதைத் தாளுக்கு வெளிர்மரம் என்று நான் போவேன். செதுக்கு வேலை நிறைந்த தங்க ஃபிரேம் எண்ணெய் ஓவியங்களோடு பிறந்தது, அங்கேயே இருக்கட்டும்.

மரத்தில் ஒரு எச்சரிக்கை: மரமும் அமிலம் கசியும், ஓக் அதிகமாகவே. உள்பள்ளத்தில் அலுமினியத் தகட்டு டேப் ஒட்டி மறைத்துவிட்டால் தீர்ந்தது. அலுமினிய ஃபிரேமுக்கு அந்தக் கவலை கிடையாது.

அகலத்தைவிட ஆழத்தை முதலில் பாருங்கள். கண்ணாடி 2, முன் மவுண்ட் 1.5, பின் மவுண்ட் 1.5, கடைசி அட்டை 4 மி.மீ. ஆக 9. ஃப்ளோட்டுக்காக ஸ்பேசர் 3 சேர்த்தால் 12. அதன்மேல் ஆணி அடிக்க இடம் வேண்டும். 10 மி.மீ. ஆழமுள்ள அழகான பீடிங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் அழுத்தி உள்ளே திணிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ரெடிமேட் ஃபிரேம் வாங்கலாமா?

தாராளமாக. தாளைவிட இரண்டு அளவு பெரியதாக வாங்கி, உள்ளே இருக்கும் மவுண்ட், பின் அட்டை, கண்ணாடி மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு, மேலே சொன்ன தரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மவுண்ட்டை உங்கள் தாளுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

இருபக்கமும் அச்சிட்ட தாள்?

முன்னும் பின்னும் ஜன்னல், முன்னும் பின்னும் கண்ணாடி. நடுவில் தாள் மெல்லிய கீலில் நிற்கும். சுவரில் மாட்டினால் ஒருபக்கம் வீண் என்பதால், அலமாரியில் நிறுத்துவதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் பின்பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு வழக்கம்போல ஃபிரேம் போடலாம்.

பழைய தாளில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. ஃபிரேம் போடலாமா?

1807இல் மோரிட்ஸ் இல்லிக் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்த்துத் தாளுக்குக் கஞ்சி ஏற்றும் முறையை வெளியிட்டார். 1840களில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை வந்தது. இரண்டும் தாளில் அமிலத்தை ஏற்றுபவை. அவை பரவிய பிறகு வந்த பெரும்பாலான புத்தகத் தாள் தன் அழிவைத் தானே சுமந்துகொண்டு வருவது. அதற்கு முந்தைய கந்தல்துணித் தாள் பல வேளைகளில் அதைவிட வெள்ளையாக நிற்கும். தாள் தானே அமிலமாக இருந்தால் சுண்ணாம்பு சேர்த்த அட்டை அந்த வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

புள்ளிகள் பூஞ்சையாலோ தாளில் சிக்கிய இரும்புத் துகளாலோ வந்திருக்கும். வீட்டில் பிளீச்சிங் செய்ய வேண்டாம். ஈரமில்லாத இடத்தில் உலரவைத்து, மென்மையான தூரிகையால் தூசி தட்டி, அப்படியே ஃபிரேம் போடலாம். தொட்டால் பொடிபோல வரும், வாடை அடிக்கும் என்றால் பூஞ்சை இன்னும் உயிரோடிருக்கிறது. அதை மற்ற அச்சுகளோடு சேர்க்காமல் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே அட்டையில் ஒட்டப்பட்டு வந்ததையும் நீங்களே உரிக்க வேண்டாம்.

புதிதாக வாங்கிய இங்க்ஜெட் அச்சை உடனே ஃபிரேம் போடலாமா?

ஓரிரு நாளாவது காற்றாட விடுங்கள், மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஈரத்தை உறிஞ்சவிட்டு. மையில் இருக்கும் கரைப்பான் முழுதாக ஆவியாகாமல் மூடினால் கண்ணாடியின் உட்புறம் புகை படிந்ததுபோல ஆகும்.

எங்கே மாட்டுவது? வெளிச்சம்?

அருங்காட்சியகங்கள் தாளில் அச்சிட்டவற்றுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. வீட்டு ஜன்னலோரம் அதைப்போலப் பலமடங்கு. புற ஊதாவைத் தடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளுக்கும். அந்தச் சேதம் கூடிக்கொண்டே போகும். 100 லக்ஸில் 5 மணி நேரமும் 50 லக்ஸில் 10 மணி நேரமும் ஒன்றுதான். கறுப்பு அச்சுமை பெரும்பாலும் கரி என்பதால் தாங்கும். கைவண்ணம் தீட்டியவை தாங்காது.

ஜப்பானின் சுரிமோனோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கியோக்கா என்ற நகைச்சுவைக் கவிதை எழுதியவர்கள் தங்கள் பாடல்களோடு தனிச்சுற்றுக்காக அடிக்கச் சொன்ன சிறு மரப்பலகை அச்சுகள் அவை. மையில்லாமல் அழுத்திய புடைப்பு, உலோகப் பொடி, குசும்பாப் பூச் சிவப்பு எல்லாம் இருக்கும். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் சீக்கிரம் போய்விடும். அப்படிப்பட்டதைச் சில மாதம் மாட்டி, பிறகு இருட்டில் ஓய்வு கொடுத்து, அதே ஃபிரேமில் வேறொன்றை வைப்பதுதான் முறை. நேர்முன் விளக்கில் புடைப்பு தெரியவே தெரியாது. பக்கவாட்டிலிருந்து சாய்வாக மங்கிய ஒளி விழுந்தால் தாள் மேடுபள்ளமாக எழுந்து நிற்கும். லெட்டர்பிரஸ்ஸுக்கும் இதே வித்தைதான்.

உயரத்துக்குப் பொதுவாகச் சொல்வது, ஃபிரேமின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. படத்துக்குச் சரி. சிறிய எழுத்தில் அடித்த கவிதைக்கு, சோபாவுக்குப் பின்னால் மாட்டினால் எந்த உயரமும் பயனில்லை. முட்டி இடிக்காமல் ஓரடி தூரத்தில் நிற்க முடிகிற சுவர் வேண்டும். நடைவழி, படிக்கட்டுத் திருப்பம், எழுதும் மேசைக்குப் பக்கம். உட்கார்ந்து வாசிக்கும் இடமென்றால் கண் மட்டத்துக்கு இறக்கியே மாட்டுங்கள்.

குளியலறைச் சுவர், மழைநீர் இறங்கும் வெளிச்சுவர் வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஃபிரேமின் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்று ஓடும்.

ஒரே தொடரில் ஆறு அச்சு. எல்லாவற்றுக்கும் ஒரே ஃபிரேமா?

ஒரே பீடிங், ஒரே வெளி அளவு, ஒரே அட்டை. ஜன்னல் மட்டும் அந்தந்தத் தாளுக்கு ஏற்ப மாறட்டும். தாள்களின் மேல்விளிம்பு ஒரே கோட்டில் வருமாறு வெட்டச் சொன்னால், அளவு வேறுபட்டாலும் வரிசை குலையாது.

சான்றிதழ், பழைய ஃபிரேமின் பின்னால் ஒட்டிய சீட்டு எல்லாவற்றையும் என்ன செய்வது?

எதையும் எறியாதீர்கள். அந்த அச்சு யார் யார் கையில் இருந்தது என்பதற்கு சில சமயம் அந்தச் சீட்டு ஒன்றுதான் ஆதாரம். பாலியெஸ்டர் உறையில் போட்டு, ஃபிரேமின் வெளிப்பின்புறத்தில் இணைத்துவிடுங்கள். அச்சோடு சேர்த்து உள்ளே வைக்க வேண்டாம், அந்தத் தாள் எந்தத் தரமோ. மூடுவதற்கு முன் அச்சின் இரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். அட்டை வகை, கீல் வகை, தேதி மூன்றையும் பின் அட்டையில் பென்சிலால் எழுதிவைக்கலாம். பின்னால் திறப்பவருக்கு உதவும், அது நீங்களாகவே இருந்தாலும்.

மூடிய பிறகு மீண்டும் திறக்க வேண்டுமா?

ஆண்டுக்கு ஒருமுறை கழற்றாமலே பாருங்கள்: கண்ணாடியின் உட்புறம் மூட்டம், மவுண்ட் ஓரத்தில் மஞ்சள், தாள் ஒருபக்கம் இறங்கியிருப்பது, பின்புற மூடுதாளில் பூச்சி போட்ட துளை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திறக்க வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் அல்ல. கீழே வழிந்து ஃபிரேமுக்குள் இறங்கும் ஒரு சொட்டு, மவுண்ட்டின் அடி ஓரம் வழியாக மேலேறிக் கையெழுத்து இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் போகும்.